ஒட்டகச்சிவிங்கியின் வாய்

வெள்ளிக்கிழமை மதியம், தொழுகைக்குப் போனவர்கள் திரும்பி வந்து சோற்றுத் தட்டைச் சுற்றி உட்காரும் நேரத்தில்தான் ஒதீல் தன் படக்கதையை இணையத்தில் ஏற்றுவாள். அன்றும் அப்படித்தான் ஏற்றினாள். நான்கு கட்டங்கள். முதல் கட்டத்தில் எங்கள் முதலாளி பூசோ அக்கா கூழைக்கடாவாக நிற்கிறார். அலகுப் பைக்குள் கைப்பேசிகளை அடைத்துக்கொண்டு, "ஆடு ஏன்டா கூரை வழியா கீழ விழுது?" என்று கத்துகிறார். கடைசிக் கட்டத்தில் ஒட்டகச்சிவிங்கி கழுத்தை வளைத்துச் சொல்கிறது: "விழலக்கா. கீழ் வீட்டுக்காரங்க சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பூசோ அக்கா வாயில் சோற்றோடு சிரித்து இருமினார். அந்த ஒட்டகச்சிவிங்கியாக வரையப்பட்டிருக்கும் மாத்தார், தன் நீண்ட கழுத்தைத் தடவிக்கொண்டு வெட்கத்தோடு சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அதைச் சொன்னவன் நான்.

நாங்கள் நான்கு பேர். ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரத்தில், டக்கார் நகரத்தில், கிராண்ட் யோஃப் பக்கம், ஒரு தையல்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் கைப்பேசிக்கான வீடியோ கேம் செய்கிறோம். அதில், தபாஸ்கிப் பெருநாளில் குர்பானி கொடுக்க வாங்கிக் கட்டிய கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு மாடி மாடியாகத் தாவி ஓடும். துரத்திப் பிடிக்க வேண்டும். பெருநாளுக்கு முன்னால் அது வெளிவந்தாக வேண்டும். பெருநாள் முடிந்த பிறகு கிடாவை யார் துரத்துவார்கள்? பூசோ அக்கா ஆட்களைப் பார்த்துப் பேசி வேலை பிடிப்பார். ஒதீல் படம் வரைவாள். மாத்தார் பாட்டும் சத்தங்களும் போடுவான். என் வேலை பிழை பார்ப்பது. நாள் முழுக்க அந்தக் கிடாவை ஒவ்வொரு கூரையிலும் நடக்கவிட்டு, எங்கே சுவருக்குள் புகுகிறது, எங்கே தரையில் முங்குகிறது என்று பார்த்துச் சரி செய்வேன்.

ஒதீல் வரையும் படக்கதையின் பெயர் 'மூன்றாவது மாடி'. எங்கள் அலுவலகம்தான் கதை. முதலில் அவளுடைய சொந்தக்காரர்கள் மட்டும் பார்த்தார்கள். பிறகு ஊரே பார்த்தது. டாட்டா பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் கைப்பேசியில் எங்கள் கூழைக்கடாவை நான் பார்த்திருக்கிறேன். ஒதீல் தன்னை ஒரு குரங்காக வரைந்துகொண்டாள். கீழே இருக்கும் தையல்காரர்கூட ஒரு வாரம் பல்லியாக வந்துவிட்டுப் போனார். என்னை மட்டும் அவள் வரையவில்லை. எனக்கு வேண்டியது அந்த ஒன்றுதான். அந்த மாடியில் நானும் இருக்கிறேன் என்று அந்தப் படம் சொல்ல வேண்டும்.

வேறு யாராவது என்னை விட்டுவிட்டு வரைந்திருந்தால் இவ்வளவு உறுத்தியிருக்காது. ஒதீல் ஜாத்தா, ஜோலாப் பெண். நான், ஜெகான் சேன், செரேர். இரண்டு ஜனத்துக்கும் கேலி முறை. அவள் என்னை அடிமை என்பாள், நான் அவளை அடிமை என்பேன். எவ்வளவு மோசமாகச் சொன்னாலும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டால் அதற்கும் சேர்த்துக் கேலி விழும். வேலைக்குச் சேர்ந்த அன்று என் குடும்பப் பெயரைக் கேட்டதும், "சேனா? அப்பாடா, டீ போட ஆள் வந்தாச்சு" என்றாள். "ஜாத்தாவா? அக்கா, அரிசி மூட்டையைப் பூட்டி வைங்க" என்று நான் பூசோ அக்காவிடம் சொன்னேன். அந்த நிமிடத்திலேயே நாங்கள் பழகியவர்கள் ஆகிவிட்டோம்.

ஒரே தட்டில் சாப்பிடும்போது அவரவர் முன்னால் இருப்பது அவரவர் பங்கு. கரண்டி எல்லை தாண்டக் கூடாது. ஒதீலின் கரண்டி மட்டும் தாண்டி வரும். என் பக்கத்து மரவள்ளிக்கிழங்கைக் கொத்திக்கொண்டு போகும். "அடிமை சொத்து எஜமானி சொத்து" என்பாள். அது திருட்டு இல்லை. முறை.

படக்கதை தொடங்கிய பிறகு அந்தக் கரண்டி என் பக்கம் வருவது நின்றுவிட்டது. மாத்தார் பக்கம் போக ஆரம்பித்தது. மாத்தார் கடற்கரையில் மீன் பிடிக்கும் லெபு ஜனத்துப் பையன்; அவளுக்கும் அவனுக்கும் எந்த முறையும் கிடையாது. அவன் பக்கத்துக் கேரட்டை அவள் முதல் தடவை எடுத்தபோது என் தொண்டையில் முள் குத்தியது போல இருந்தது. மீனை நான் இன்னும் தொட்டிருக்கவே இல்லை.

இப்போது என் பேச்சும் மாத்தார் பக்கம் போயிருந்தது.

ஆனால் எனக்கே என் மேல் சந்தேகம். அதை நான்தான் சொன்னேனா? மாத்தாரும் தனியாக அதையே சொல்லியிருந்தால்? ஊரில் எல்லாரும் சொல்லும் கேலியாகவும் இருக்கலாமே? என் தொழிலில் ஒரு விதி இருக்கிறது. பிழை என்று வாயால் சொன்னால் போதாது. அதை மறுபடி வரவழைத்துக் காட்ட வேண்டும். அடுத்த திங்கட்கிழமை மின்சாரம் போனது. ஒதீல் ஜன்னல் ஓரம் காகிதத்தில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். மற்ற இருவரும் கீழே போயிருந்தார்கள். எதிர் மாடியில் ஒரு கிடா கட்டியிருந்தது. நான் தயார் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"அதுக்கும் நமக்கும் ஒரே நாள்தான் கெடு. பாரு, அது எவ்வளவு நிம்மதியா அசை போடுது."

அவள் சிரிக்கவில்லை. பென்சில் மட்டும் நின்றது. "ம்" என்றாள்.

வெள்ளிக்கிழமை ஒட்டகச்சிவிங்கி அதைச் சொன்னது. நேரே சொல்லிவிடவில்லை. "அதுக்கும் நமக்கும் ஒரே நாள்தான் கெடு" என்று ஒரு கட்டம். அடுத்த கட்டத்தில் யாரும் இல்லை. கிடா மட்டும் அசை போடுகிறது. அதற்கடுத்த கட்டத்திலும் அசை போடுகிறது. பிறகுதான் மிச்சம். பூசோ அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பேச்சு என்பதில் இனிச் சந்தேகம் இல்லை. அந்த இரண்டு மௌனக் கட்டங்களும் என்னுடையவை இல்லை என்பதையும் கவனித்தேன். அது இன்னும் எரிந்தது.

அன்றே பூசோ அக்கா இன்னொன்றும் சொன்னார். "பிள்ளைங்களா, ஒரு முடிவு எடுத்திருக்கேன். 'மூன்றாவது மாடி' ஆளுங்களை விளையாட்டுக்குள்ள இறக்கறோம். கூழைக்கடா, குரங்கு, ஒட்டகச்சிவிங்கி. யார வேணும்னாலும் எடுத்துக்கிட்டு கிடாவைத் துரத்தலாம். ஜெகான், எல்லாரையும் நடக்கவிட்டுப் பாத்துரு."

"நான் யாரு அக்கா?" என்றேன்.

"நீ பாக்கற ஆளு" என்றார், நல்ல மனதோடு.

அதற்குப் பிறகு காலை முதல் மாலை வரை நான் ஒட்டகச்சிவிங்கியை நடக்கவிட்டேன். அதன் கால்கள் என் விரலுக்குக் கட்டுப்பட்டன. மசூதித் தெருவின் மூலை வீட்டில், மாடிக் கதவைத் தாண்டும்போது அதன் கழுத்து கதவிலேயே மாட்டிக்கொண்டது. உடம்பு போய்விட்டது, தலை இந்தப் பக்கம் நின்றது. சரி செய்வது சின்ன வேலைதான். நான் செய்யவில்லை. பிழை இருக்கிறது என்று குறித்துவிட்டு அடுத்த கூரைக்குப் போனேன்.

மாலையில் நான் ஆங்கில வகுப்புக்குப் போகிறேன். அங்கே என் பக்கத்து பெஞ்சில் சூக்கேனா என்ற பெண் உட்காருவாள், மருந்துக்கடையில் வேலை. ஒரு நாள் ஆசிரியர் வருவதற்குள் அவள் கைப்பேசியைப் பார்த்துத் தோள் குலுங்கச் சிரித்தாள். கிடா அசை போடும் கட்டம்.

"இத வரையறவங்க ஆபீஸ்லதான் நான் வேலை பாக்கறேன்" என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"நிஜமா? அப்போ ஒட்டகச்சிவிங்கியத் தெரியுமா?"

"தெரியும்."

"நேர்லயும் இப்படித்தான் பேசுவாரா?"

"நேர்ல கொஞ்சம் உயரம்."

அவள் அதற்குச் சிரிக்கவில்லை. "கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஒட்டகச்சிவிங்கிக்கா?"

"ஆமா. வாய் இப்படி இருந்தா வீட்ல பொழுது போயிடுமே. ஆமா, இதுல நீங்க யாரு?"

"நான் இதுல இல்ல."

"ஓ" என்றாள். பரிதாபப்பட்டுச் சொல்லும் 'ஓ'. பாடம் முடியும்வரை என் காதில் அது ஒன்றுதான் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் கைப்பேசியை எடுத்து, படக்கதையின் கீழே, என் முழுப் பெயரில் எழுதினேன். எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். கடைசியில் அனுப்பியது இது: 'ஒதீல் ஜாத்தா, நீ திருடி. ஒட்டகச்சிவிங்கி பேசுவதெல்லாம் நான் பேசியது. என் பேச்சை என்னிடம் திருப்பிக் கொடு. ஜெகான் சேன்.' ஒவ்வொரு சொல்லையும் யோசித்துத்தான் எழுதினேன். இனி அவள் பதில் சொல்லியாக வேண்டும், ஊர் தெரிந்துகொண்டாக வேண்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் நான் படியேறும்போதே மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஒரு சேன் ஒரு ஜாத்தாவைத் திருடி என்று எழுதியிருக்கிறான். அதைப் படித்த ஒருவருக்கும் அது கோபமாகத் தெரியவில்லை. ஃபாத்திக் பக்கத்துச் செரேர்கள் கூட்டமாக வந்துவிட்டார்கள். 'பிடிங்க அவளை! எங்க சோத்துல கை வச்சது போதாதுன்னு பேச்சுலயும் வச்சுட்டாளா?' காசமான்சிலிருந்து ஜோலாக்கள் பதில் கொடுத்தார்கள். 'அடிமைக்குச் சொந்தப் பேச்சு ஏது? எங்க பாட்டன் இரவல் குடுத்தது. வட்டியோட கொண்டா.' 'சேன் வீட்ல பேச்சு திருட்டுப் போச்சாம், நல்ல வேளை, மூளை இருந்திருந்தா அதுவும் போயிருக்கும்.' பக்கம் பக்கமாக நீண்டது. கேலி முறை இல்லாதவர்கள்கூட வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். படக்கதையை இதுவரை பார்க்காதவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

"ஜெகான், என் ராஜா, நீ எங்கடா இருந்த இத்தனை நாளா?" என்று பூசோ அக்கா என் கன்னத்தைக் கிள்ளினார். "விளம்பரத்துக்கு நான் யார் யார் காலையோ பிடிச்சுக்கிட்டு இருக்கேன்."

ஒதீல் நாற்காலியை விட்டு இறங்கி என் முன்னால் மண்டியிட்டாள். "எஜமானே! இந்தத் திருட்டுக் கையை வெட்டிருங்க. இடது கைய வெட்டுங்க, வலது கைல வரையணும்."

"நான் நிஜமாத்தான் எழுதினேன்" என்றேன்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மூஞ்சியப் பாருங்கக்கா! கொஞ்சம்கூட அசையல!"

"ஒதீல், எனக்குக் கோபம்."

"ஐயோ, போதும், அழுகை வருது."

என் முகம் அப்படி. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கேலி சொன்னாலும் மாறாது, வலித்தாலும் மாறாது. மூன்றாவது தடவையும் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது தடவைதான் அதிகம் சிரித்தார்கள். நான் போய் என் இடத்தில் உட்கார்ந்து, ஒட்டகச்சிவிங்கியை அந்தக் கதவுக்குள் திரும்பத் திரும்ப அனுப்பினேன். கழுத்து மாட்டியது. மாட்டியது. மாட்டியது.

மதியம் நான் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தபோது மாத்தார் வந்து இரண்டு படி கீழே உட்கார்ந்தான். அப்போதும் எங்கள் தலைகள் ஒரே உயரத்தில்தான் இருந்தன.

"ஜெகான், நீ எழுதினது விளையாட்டு இல்லதானே?"

நான் அவனைப் பார்த்தேன். "உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு உன்கூடயும் முறை இல்ல, அவகூடயும் முறை இல்ல. எழுதியிருந்தத எழுதியிருந்த மாதிரியே படிச்சேன்." கழுத்தைத் தடவிக்கொண்டான். "எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்குடா. எங்கம்மா மீன் விக்கிற துறைக்குப் போனா எல்லாரும் என்னச் சுத்தி நின்னுக்கறாங்க. ஏதாவது சொல்லு, ஏதாவது சொல்லுங்கறாங்க. எனக்கு என்ன தெரியும்? 'மீன் நல்லா இருக்கு'ன்னேன். அதுக்கும் சிரிக்கிறாங்க."

அவன் என்னைத் தேற்றத்தான் சொன்னான். எனக்குக் கேட்டது வேறு. இவன் மீன் நல்லா இருக்கு என்றால்கூடச் சிரிக்கிறார்கள்.

"நான் அவகிட்ட சொல்லட்டுமா?" என்றான்.

"உன் இஷ்டம்" என்றேன். அவனிடம் நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாலை, நான் பையை மாட்டிக்கொண்டிருந்தபோது ஒதீல் வந்து நின்றாள். சிரிப்பு இல்லை.

"ஜெகான்" என்றாள்.

அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அடிமை என்று கூப்பிட்டபோதெல்லாம் வராத குளிர் அப்போது வந்தது.

"படக்கதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் கேட்டேன், வரையட்டுமான்னு. முதல்ல கேட்டது உன்னத்தான். நீ என்ன சொன்ன?"

யோசித்தேன். ஞாபகம் வந்தது. "அடிமை எஜமானை வரையறதா, கை அழுகிடும்னு சொன்னேன்."

"இந்த மூஞ்சியோட சொன்ன."

"அது கேலி, ஒதீல்."

"இப்பச் சொல்ற. இதே மூஞ்சியோட சொல்ற. அப்போ நேத்து எழுதினது?"

"அது நிஜம்."

"பாரு! ரெண்டுக்கும் ஒரே மூஞ்சி. மனுஷி எதை வச்சுக் கண்டுபிடிப்பா?" நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "உங்க வீட்ல படம் வரையறது ஆகாது போலன்னு நினைச்சேன். சரி, முகத்த விட்டுட்டேன். பேச்ச விட மனசு வரல. மாத்தார்கிட்ட முகம் இருந்துச்சு, பேச்சு இல்ல. உன்கிட்ட பேச்சு இருந்துச்சு, முகம் இல்ல. சேத்து வச்சேன். உனக்குத் தெரியும், உள்ளுக்குள்ள சிரிச்சுக்கறன்னு நினைச்சேன்."

"கரண்டிய ஏன் நிறுத்தின?"

"எந்தக் கரண்டி?"

"என் பக்கத்துக் கிழங்க எடுப்பியே."

"வரைய வேணாம்னு சொன்னவன் சோத்துல எப்படி கை வைக்கறது? கூச்சமா இருந்துச்சு."

"மாத்தார் பக்கம் மட்டும் எப்படி வச்ச?"

"அவன் கேரட் சாப்பிட மாட்டான்டா!"

இத்தனை வாரமாக நான் மென்றுகொண்டிருந்தது யாரும் தின்னாத ஒரு கேரட்டை.

"வரையறேன்" என்றாள் எழுந்துகொண்டே. "உன் பேச்சு உன் வாய்லயே வரட்டும். திருப்தியா?"

"என்ன மிருகம்?" சிங்கம் என்று சொல்வாளோ என்று ஒரு நப்பாசை.

"கண்ணாடி பாத்திருக்கியா நீ? கொக்கு."

அந்த வாரம் நான் தூங்கும்போதுகூடச் சந்தோஷமாகத் தூங்கினேன் என்று நினைக்கிறேன். என்னிடம் இருந்ததிலேயே நல்லதைக் கொக்குக்குக் கொடுத்தேன். பிழைகள் இன்னும் எத்தனை மிச்சம் என்று கூழைக்கடா கேட்கிறது. ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு, முகம் மாறாமல் சொல்கிறது: "நேத்து இருந்தவங்க யாரும் போகலக்கா. புதுசா வந்தவங்களுக்குப் பாய் விரிச்சிருக்கோம்."

வெள்ளிக்கிழமை அது வந்தது. எங்கள் தட்டைச் சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். மாத்தார் கை தட்டினான். நான் சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கீழே வரும் கருத்துகளைப் படித்தேன்.

'யார் இந்தக் கொக்கு?'

'ஒட்டகச்சிவிங்கி எங்கே? உடம்பு சரியில்லையா?'

'கொக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்படியே ஒட்டகச்சிவிங்கியக் காப்பி அடிக்குது.'

'கொக்கே, அடுத்தவன் வாயை இரவல் வாங்காத. சொந்தமா ஏதாவது பேசு.'

கடைசியாகச் சொன்னதற்குத்தான் அதிகம் பேர் இதயம் போட்டிருந்தார்கள். ஒதீலும் படித்தாள். அவள் கரண்டி தட்டின் நடுவில் கொஞ்ச நேரம் நின்று, தன் பக்கத்துக்கே திரும்பிப் போனது.

வகுப்பில் சூக்கேனா கைப்பேசியை என் பக்கம் நீட்டினாள். "இது யாரு உங்க ஆபீஸ்ல? இந்தக் கொக்கு?"

"புதுசா வந்த ஒருத்தன்" என்றேன்.

"சொல்லி வைங்க அவன்கிட்ட. அடுத்தவங்க மாதிரி பேசினா யாரும் மதிக்க மாட்டாங்க."

"சொல்றேன்" என்றேன்.

அதுவரை நான் மாத்தார் மேல்தான் பொறாமைப்படுகிறேன் என்று நினைத்திருந்தேன். அன்று பஸ்ஸில் வரும்போது புரிந்தது. மாத்தாரை எனக்குப் பிடிக்கும். என் பொறாமை ஒதீல் பென்சிலால் போட்ட நான்கு கால்கள் மேல், ஒரு கழுத்தின் மேல். நான் பேசியதையே பேசி, என்னைவிட நான் ஆகிவிட்ட ஒன்றின் மேல். அதனிடம் போய் எப்படிச் சண்டை போடுவது?

புதன்கிழமை ஒரு புதுப் பிழை வந்தது. கிடா கூரையிலிருந்து தாவி, கீழே இறங்காமல், வானத்தில் அப்படியே நின்றுவிட்டது. பூசோ அக்கா என் திரையைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"இது ஏன்டா அங்க போய் நிக்குது?"

"அங்க வாடகை கம்மிக்கா" என்றேன்.

டக்காரில் வீடு தேடியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பூசோ அக்கா நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். மாத்தார் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு, "என்ன, என்ன?" என்று கேட்டு, கேட்டபின் சிரித்தான். ஒதீல் பென்சிலைத் தூக்கிவிட்டாள். தூக்கியவள் என்னைப் பார்த்தாள், மாத்தாரைப் பார்த்தாள்.

"யாருக்கு?" என்றாள்.

மாத்தார் உடனே, "ஜெகானுக்கு, ஜெகானுக்கு" என்றான்.

அந்தக் கொக்கு வாடகை கம்மி என்று சொல்வதை நினைத்துப் பார்த்தேன். கீழே என்ன எழுதுவார்கள் என்றும் நினைத்துப் பார்த்தேன். ஒட்டகச்சிவிங்கி சொன்னால் பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் சிரிப்பார், சூக்கேனாவின் தோள் குலுங்கும். ஒருவரும் சிரிக்காமல் என் பெயரோடு கிடப்பதா, பெயர் இல்லாமல் ஊரெல்லாம் சுற்றுவதா? ஒருவருக்கும் சொல்லாமல் எனக்குள்ளேயே வைத்துக்கொள்ளவும் செய்யலாம். அதுவும் ஒரு நிமிடம் மனதில் வந்தது.

"ஒட்டகச்சிவிங்கிக்குக் குடு" என்றேன்.

ஒதீல் சந்தேகத்தோடு என் முகத்தைத் தேடினாள். "இது கேலியா, நிஜமா? முன்கூட்டியே சொல்லிரு. எனக்கு இன்னொரு பஞ்சாயத்து தாங்காது."

"நிஜம்."

"கொக்கு?"

"இருக்கட்டும். ஓரமா நிக்கட்டும். பேச வேணாம்."

அன்று மாலை வகுப்புக்குக் கிளம்புவதற்கு முன், மசூதித் தெரு மூலை வீட்டுக்குப் போய், கதவிலிருந்து ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தை எடுத்துவிட்டேன். அது குனிந்து, கதவைத் தாண்டி, அடுத்த கூரைக்கு ஓடியது. நன்றாகத்தான் ஓடியது.

வெள்ளிக்கிழமை. தட்டில் மீன் சோறு. ஒதீல் ஏற்றினாள். எல்லாரும் கைப்பேசியைத் திறந்தோம். வானத்தில் கிடா. கூழைக்கடாவின் கேள்வி. மூன்றாவது கட்டத்தில் பேச்சு இல்லை. ஓரத்தில் கொக்கு ஒற்றைக் காலில் நிற்கிறது, முகம் அசையாமல். ஒட்டகச்சிவிங்கி தன் நீண்ட கழுத்தை அடியோடு வளைத்து இறக்கி, காதைக் கொக்கின் அலகுக்கு அருகில் வைத்திருக்கிறது. நான்காவது கட்டத்தில் அது நிமிர்ந்து நின்று சொல்கிறது: "அங்க வாடகை கம்மிக்கா."

நான் சிரித்துவிட்டேன். சத்தமாக. அது நான் சொன்னது என்று ஞாபகம் வருவதற்குள் சிரிப்பு வெளியே வந்துவிட்டது. நான் சொன்னபோது இவ்வளவு நன்றாக இல்லை. அந்தக் கழுத்து இறங்கி ஏறும் நேரம் என்னிடம் இல்லை. கீழே நூற்றுக்கணக்கில் வாடகைக் கதைகள் வந்துகொண்டிருந்தன. மூன்றாவது கட்டத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. ஒட்டகச்சிவிங்கி திரும்பி வந்துவிட்டது என்றுதான் எல்லாருக்கும் சந்தோஷம். என் நெஞ்சுக்குள் அந்தப் பழைய எரிச்சல், இடம் மாறாமல், அங்கேயே இருந்தது. மூன்றாவது கட்டத்தைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தேன்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டில் ஏதோ அசைந்தது. ஒரு கரண்டி எல்லை தாண்டி வந்து, நான் கடைசியாகச் சாப்பிட ஒதுக்கி வைத்திருந்த மரவள்ளிக்கிழங்கைக் கொத்திக்கொண்டு போனது.

"திருடி" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். ஒதீல் மட்டும் கிழங்கை மென்றபடி, இது எந்த மூஞ்சி என்று என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாதி கேலி, பாதி நிஜம். எது எந்தப் பாதி என்று நான் சொல்லவில்லை.